14416 மனநல உதவி எண்: பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த அளவு கைகொடுக்கிறது?

மத்திய சுகாதாரத் துறையின் டெலி மானஸ் திட்டம் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அரசுப் பள்ளியில் படிக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

உறவினர் வீட்டுப் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் பள்ளிக்குப் போக மறுத்து வீட்டிலேயே முடங்கியபோது, அவனுடைய அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து இந்த எண்ணை அழைத்தேன். பேச வந்த ஆலோசகர் பையனின் பெயரையோ பள்ளியின் பெயரையோ சொல்லும்படி வற்புறுத்தவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, நண்பர்களோடு பேசுகிறானா, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று எப்போதாவது சொன்னானா என ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டதே நல்ல பயிற்சிக்கு அடையாளம். அப்படிக் கேட்டால் பிள்ளைக்கு இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று அஞ்சும் பெற்றோர்தான் நம்மிடையே அதிகம். அறிவுரை மழை எதுவும் பொழியாமல், நேரில் காட்ட வேண்டுமானால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று வழியும் சொன்னார். சேவையின் தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் குறையெல்லாம் இந்த எண் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும் விதத்தைப் பற்றியதுதான். மன உளைச்சலுக்கு 14416. பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டி மையத்துக்கு 14417. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கு மத்திய சமூக நீதித் துறையின் 14446. குழந்தைகள் மீதான வன்முறைக்கு 1098. மருத்துவ ஆலோசனைக்கு 104. போதைப்பொருள் விற்பவரைப் பற்றிப் புகார் சொல்ல 10581. பாடப்புத்தகத்தில் முத்திரையாகக் குத்தப்பட்டவை 14417, 1098 ஆகிய இரண்டும்தான். ஓர் இலக்கம் தள்ளி இருக்கும் மனநல எண்ணைப் பிள்ளை தானாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் தனி நிதித் தலைப்பு, தனித் திட்டம், தனி விளம்பரம் என்று இருப்பதால் ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் முளைத்திருக்கிறது. அப்பாவின் குடியால் தூக்கம் கெட்டு, அதை மறக்க வகுப்பில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் பையன் இவற்றில் எந்த எண்ணை அழைப்பான்?

பணத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் இந்தத் தொலைபேசித் திட்டத்துக்கு நாடு முழுமைக்குமாக ஒதுக்கப்பட்ட தொகை 133.73 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு அது 90 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதே 2023-24இல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாட்டு அரசுக்கு மட்டும் வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இரண்டும் வெவ்வேறு அரசுகளின் கணக்கு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தடுப்பு வேலை பள்ளிக்குள் நடக்க வேண்டியது. மாவட்ட மனநலத் திட்டத்தில் பள்ளிகளில் வாழ்க்கைத் திறன் பயிற்சியும் ஆலோசனையும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டமோ பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரங்களை ஏற்றி முடித்த பிறகு அந்த ஆசிரியருக்கு ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை எந்த ஒதுக்கீடும் கணக்கில் எடுப்பதில்லை. போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களும் ஆகஸ்ட் மாத உறுதிமொழியும் இருக்கட்டும். ஆனால் உறுதிமொழி எடுக்கும் வரிசையில் நிற்கும் பிள்ளை, தானும் பழகிவிட்டதாக யாரிடம் சொல்லும்? டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, பெரியவர்களைவிடப் பத்து முதல் பதினேழு வயதினரிடம் அதிகமாகக் காணப்பட்டது முகர்ந்து ஏற்றும் போதை மட்டுமே: அவர்களிடம் 1.17 விழுக்காடு, பெரியவர்களிடம் 0.58 விழுக்காடு. அப்படி முகரப்படும் ஒயிட்னரும் பஞ்சர் ஒட்டும் பசையும் எழுதுபொருள் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைப்பவை என்பதால், பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டம் இவற்றைத் தொடுவதே இல்லை.

இன்னொரு தடையும் உண்டு. வகுப்பறையில் கைபேசிக்கு அனுமதி இல்லை, வீட்டில் இருப்பதோ பெரும்பாலும் அப்பாவின் கைபேசி. அழைப்பு வரட்டும் என்று காத்திருக்கும் ஒரு சேவை இந்தப் பிள்ளைகளை எட்டாது. பிளஸ் டூ முடிவுகள் வரும்போது தேறாத மாணவர்களை 104 மையத்திலிருந்து தாங்களாகவே அழைத்துப் பேசும் வழக்கம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அதே முறையை, நீண்ட நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கும் விரித்தால் செலவு பெரிதாகக் கூடிவிடாது, வருகைப் பதிவு ஏற்கெனவே இணையத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் 14416ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பிள்ளையை எப்படி அணுகுவது என்று தெரியாமல் நிற்பவர்கள், அவனைப் பேச வைப்பதற்கு முன் தாங்களே ஒருமுறை அழைத்துக் கேட்பது நல்லது. போதைப் பழக்கம் முற்றி, நிறுத்தினால் கை நடுக்கமும் வாந்தியும் வரும் நிலையில் இருப்பவருக்குத் தொலைபேசி ஆலோசனை போதாது. மருத்துவமனைக்கே போக வேண்டும். அங்கு எந்தக் கிழமையில் மனநல மருத்துவர் இருப்பார் என்பதை அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டு வரும் பெற்றோருக்கு வீண் அலைச்சல் மிச்சமாகும்.