மண்ணா, இலையா: புதிய ஆன்டிபயாடிக்கை எங்கே தேடுவது?
1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து. எரித்ரோமைசின், வான்கோமைசின் எல்லாம் அதே வழிதான். மண்ணின் பலம் இந்த வரலாறு, பலவீனமும் அதுவே. தோண்டத் தோண்டப் பழைய மூலக்கூறே மறுபடி அகப்படுகிறது. ஆனாலும் மண் வற்றிவிடவில்லை. ஆய்வகத்தில் வளர மறுத்த பாக்டீரியாவை மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்த்ததில் கிடைத்த டெய்க்ஸோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக் பற்றிய ஆய்வு 2015-இல் வெளியானது. மெதிசிலின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை அது கொல்கிறது. கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு கொண்ட கிராம்-நெகட்டிவ் கிருமிகளிடம் பலிக்கவில்லை.

செடியின் திசுவுக்குள் நோய் உண்டாக்காமல் குடியிருக்கும் எண்டோஃபைட் பூஞ்சைகள் இந்த அளவுக்குத் துழாவப்படாதவை. இலையின் மேற்பரப்பை எத்தனால், சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்டு கிருமிநீக்கி, துண்டாக்கி வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் உள்ளிருப்பது வெளியே வளரும். கடைசியாகக் கழுவிய நீரையும் தனித்தட்டில் இட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஏதாவது முளைத்தால் கிருமிநீக்கம் சரியில்லை என்று பொருள்.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகு. செடியை விட்டுப் பிரிந்த பூஞ்சை, புதிய ஊடகத்துக்கு மாற்றி மறுவளர்ப்பு செய்யச் செய்ய, சேர்மம் தயாரிப்பதையே குறைத்துக்கொள்வதுண்டு. பக்கத்தில் பாக்டீரியாவை வளர்த்துச் சீண்டினால் சேர்மம் தயாரிக்காமல் உறங்கும் மரபணுத் தொகுதிகள் சிலசமயம் விழிக்கும், சிலசமயம் கண்டுகொள்ளாது. பல பூஞ்சைச் சேர்மங்கள் மனித செல்லையும் தாக்கும் என்பதால் நச்சுச் சோதனையைத் தள்ளிப்போட முடியாது.

புதிய வேதி அமைப்புதான் குறி என்றால் என் ஓட்டு இலைக்கே. சீக்கிரம் கிராம் கணக்கில் சேர்மம் வேண்டுமென்றால், மண் பாக்டீரியாதான் கைவந்த வழி.