ஏப்ரல் குதிரை முகாம்: சொந்தக் குதிரையா, முகாம் குதிரையா?

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் சொந்தக் குதிரையை ஏற்றினால், இறம்பொடை வளைவுகளில்தான் வில்லங்கம். லொறி திரும்பும்போதெல்லாம் கால் பரப்பி நின்றே அது களைத்துவிடும். தலைக்கயிற்றைக் கட்டையாகக் கட்டினால் குனிந்து சளியை வெளியேற்ற முடியாது. நுரையீரலில் தொற்று வரலாம். கம்பளையில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தித் தண்ணீர் காட்டுங்கள். பழைய தீனியும் கூடவே போகட்டும். புதியதை 7 முதல் 10 நாளில் கொஞ்சங்கொஞ்சமாகக் கலக்காவிட்டால் வயிற்றுவலிதான். மேலே 1,868 மீற்றர் உயரத்துக் குளிர். வியர்வையோடு கொட்டிலில் விடாதீர்கள்.

முதல் தடவை வருபவருக்கு முகாம் குதிரையே மேல். சரிவும் குளிரும் அதற்குப் பழக்கம். பழக வேண்டியது நீங்கள். ஏறுமுன் சில அடி நடத்திவிட்டு சேணவாரை மறுபடி இறுக்குங்கள். முதலில் வாரைக் கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பி ஏமாற்றும், கெட்டிக்காரப் பிராணி!