10 கே என்றால் எந்த 10 கே? ரெசிஸ்டர் வகைகள் ஓர் ஒப்பீடு

சர்க்யூட் படத்தில், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் 10 கே (10,000 ஓம்) என்று மட்டும் எழுதியிருக்கும். கடையில் போய்க் கேட்டால் பதிலுக்குக் கேள்விதான் வரும்: கார்பனா மெட்டலா, கால் வாட்டா அரை வாட்டா? சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கூட்ட நேரமாக இருந்தால் கடைக்காரர் அதையும் கேட்காமல் கைக்கு வந்ததை எடுத்துத் தந்துவிடுவார். பெரும்பாலும் அதுவே வேலை செய்துவிடும். அதனாலேயே வகையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவை ஜார்ஜ் ஓம் 1827இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த விதி போதும், எத்தனை ஓம் வேண்டும் என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் அந்த மதிப்பு எவ்வளவு துல்லியமாக இருக்கும், சூட்டில் எவ்வளவு நகரும், எத்தனை வோல்ட்டைத் தாங்கும், திடீரென்று பாயும் மின்னோட்டத்தில் பிழைக்குமா என்ற கேள்விகளுக்கு விதியில் விடை இல்லை. அங்கேதான் ஒரு 10 கேயும் இன்னொரு 10 கேயும் பிரிகின்றன.

கார்பன் ஃபிலிமா, மெட்டல் ஃபிலிமா?

பொழுதுபோக்காக சர்க்யூட் கட்டுபவர் அடிக்கடி சந்திக்கும் போட்டி இதுதான். உள்ளமைப்பில் இரண்டும் உடன்பிறப்புகள். பீங்கான் தண்டின் மேல் மெல்லிய படலம்; ஒன்றில் கார்பன், மற்றதில் பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் கலவை. மதிப்பைச் சரிக்கட்ட அந்தப் படலத்தில் திருகு வடிவில் ஒரு பள்ளம் வெட்டுவார்கள். வேண்டாத ரெசிஸ்டர் ஒன்றின் மேல்பூச்சை பிளேடால் மெல்லச் சுரண்டினால் அந்தத் திருகைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளித்தோற்றத்தில், சந்தன நிற உடலும் நான்கு கோடுகளும் இருந்தால் பெரும்பாலும் 5 சதவீத டாலரன்ஸ் (எழுதிய மதிப்பிலிருந்து கூடவோ குறையவோ விலகலாம் என்ற அளவு) உள்ள கார்பன் ஃபிலிம். நீல உடலும் ஐந்து கோடுகளும் இருந்தால் 1 சதவீத மெட்டல் ஃபிலிம்.

5 சதவீதத்துக்கும் 1 சதவீதத்துக்கும் நடுவில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையால் கண்காணிப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உள்ளீடு 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எனவே மேலே 30 கே, கீழே 10 கே என்று இரண்டு ரெசிஸ்டர்களை வரிசையாக இணைத்து வோல்ட்டேஜை நான்கில் ஒன்றாக்கி, நிரலில் நான்கால் பெருக்கிக்கொள்கிறோம். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். பாதி சார்ஜில் 12.2. முழுமைக்கும் பாதிக்கும் இடையில் இருப்பது வெறும் அரை வோல்ட்.

கார்பன் ஃபிலிமில் மேலே உள்ளது 5 சதவீதம் கூடி 31.5 கே ஆகவும், கீழே உள்ளது 5 சதவீதம் குறைந்து 9.5 கே ஆகவும் வாய்த்துவிட்டால், ஆர்டுயினோவுக்குப் போவது 2.94 வோல்ட். நான்கால் பெருக்கினால் 11.77. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியைப் பார்த்து, காலியாகிவிட்டது என்று திரை அலறும். 1 சதவீத மெட்டல் ஃபிலிமில் இதே துரதிர்ஷ்டமான சேர்க்கை 12.51 காட்டும். பிழைதான், ஆனால் பேட்டரியின் நிலையைத் தலைகீழாகச் சொல்லாது.

மல்டிமீட்டரால் அளந்து நிரலில் திருத்தி எழுதிவிட்டால் கார்பனே போதாதா? போதும். ஒரே வகை ரெசிஸ்டர் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம் நகரும். விகிதம் பெரிதாகக் கெடாது. கெடுவது, கையில் இருந்ததை வைத்து ஒன்றைக் கார்பனாகவும் மற்றதை மெட்டலாகவும் போடும்போது. கார்பன் ஃபிலிம் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் பத்து லட்சத்தில் 500 பங்கு அளவில் மதிப்புக் குறையும். வகையைப் பொறுத்து இது கூடவும் குறையவும் செய்யும். மெட்டல் ஃபிலிமில் நகர்வு 100 பங்கு அல்லது அதற்கும் கீழே. மொட்டைமாடிப் பெட்டி ஒன்றில் காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால், கார்பன் ஒன்றரை சதவீதம் நகரும்; மெட்டல் 0.3 சதவீதத்துக்குள் நிற்கும். கலந்து போட்ட சர்க்யூட்டில் பேட்டரி அசையாமல் இருக்க, எண் மட்டும் 0.15 வோல்ட் அளவுக்கு ஊசலாடும். அரை வோல்ட்டுக்குள் எல்லாம் அடங்கும் இடத்தில் இது பெரிய தொகை.

விலை வித்தியாசம் பைசாக் கணக்குதான். அப்படியிருக்க எல்லா இடத்திலும் நீலத்தையே வாங்கிவிடலாமே என்றால், அதற்கும் ஒரு தொல்லை உண்டு. ரெசிஸ்டரின் மதிப்பை வண்ணக் கோடுகளாகத்தான் எழுதுவார்கள்; ஒவ்வொரு நிறமும் ஓர் எண். நீல உடலின் மேல் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும். அதைவிடக் கொடுமை, எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்ற குழப்பம். 1 சதவீத 10 கேயின் கோடுகள் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. அதையே மறுமுனையிலிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. அது 120 ஓம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மதிப்பு. எனவே தவறாகப் படித்தோம் என்ற சந்தேகமே வராது. நான்கு கோட்டுக் கார்பனில் கடைசிக் கோடு தங்க நிறம். தங்கம் எண்ணாக வராது என்பதால் திசை தவறாது. படிக்கும் வசதியில் கார்பன்தான் மேல். நீலத்தைச் சால்டர் செய்வதற்கு முன் மல்டிமீட்டரில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

என் கணக்கில் எல்இடிக்கு முன்னால் போடும் ரெசிஸ்டர், பட்டனை அழுத்தாதபோது உள்ளீட்டை மேல் வோல்ட்டில் பிடித்து வைக்கும் புல்-அப் போன்ற இடங்களில் கார்பன் ஃபிலிமுக்கு ஒரு குறையும் இல்லை. 5 வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்இடிக்கு 330 ஓம் போட்டால் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓடும். அது எட்டரையானால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒரு எண்ணை அளந்து திரையில் காட்டும் எந்த சர்க்யூட்டுக்கும் மெட்டல் ஃபிலிம்.

கார்பன் காம்பொசிஷன் என்ற பழைய ஆள்

பழைய வால்வு ரேடியோக்களில் இருக்கும் பழுப்பு உருளைகள் இவை. கார்பன் தூளையும் பிசினையும் கலந்து அழுத்திச் செய்தவை; படலம் இல்லை, உடல் முழுவதுமே மின்சாரம் கடத்தும். டாலரன்ஸ் 5, 10, சில சமயம் 20 சதவீதம். ஈரத்தை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் மதிப்பு மேலே ஏறிக்கொண்டே போகும். ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் 100 கே என்று எழுதியிருக்கும் ஒன்றைக் கழற்றி அளந்து, அது எங்கேயோ போய் நிற்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கம். கடலோர ஊர் ரேடியோ என்றால் கேட்கவே வேண்டாம்.

இரைச்சலிலும் இதற்குக் கெட்ட பெயர். இதில் இரண்டு இரைச்சல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெப்பத்தால் எழும் இரைச்சல் எந்த ரெசிஸ்டருக்கும் உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் கணக்குச் சொல்லி, 1928இல் இருவரும் வெளியிட்டார்கள். 10 கே மதிப்புள்ள எதை எடுத்தாலும், அறை வெப்பத்தில், 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்தில் அது சுமார் 1.8 மைக்ரோவோல்ட். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது குறையாது. இதற்கு மேல், டிசி மின்னோட்டம் ஓடும்போது பொருளின் தன்மையால் சேரும் இரைச்சல் வேறு. அதில் காம்பொசிஷன் மிக மோசம், கார்பன் ஃபிலிம் நடுத்தரம், மெட்டல் ஃபிலிம் நல்லது. மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்பில் பழையதை மாற்றி நீலத்தைப் போட்டால் உஸ்ஸென்ற ஒலி குறைவதற்குக் காரணம் இந்த இரண்டாவது வகைதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் இந்தக் கிழவரை இன்னும் வெல்லவில்லை. மின்னல் வேகத்தில் வரும் மின்னோட்ட அடியை உடல் முழுவதும் பகிர்ந்து வாங்கும். ஃபிலிம் ரெசிஸ்டரில் அதே அடி, திருகுப் பள்ளத்தில் எங்கே குறுகலோ அந்த இடத்தைப் பொசுக்கிவிடும்.

சூடு அதிகமான இடத்தில்: மெட்டல் ஆக்சைடா, வயர்வவுண்டா?

வாட் கணக்கு எளிது: மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை. கணக்கில் வருவதைப்போல இரண்டு மடங்கு வாட் போட வேண்டும் என்று பட்டறையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண ஃபிலிம் ரெசிஸ்டரில் எழுதியிருக்கும் வாட், சுற்றுப்புறம் 70 டிகிரி வரை இருந்தால் மட்டுமே முழுதாகக் கிடைக்கும். அதற்கு மேல் இறங்கு முகம். பலவற்றில் 155 டிகிரியில் பூஜ்யம்.

1 முதல் 3 வாட் வரை மெட்டல் ஆக்சைடு போதும். டின் ஆக்சைடு படலம். நல்ல சூட்டையும் தாங்கும், தீப்பிடிக்காத மேல்பூச்சு. துல்லியத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு மேல் போனால் வயர்வவுண்ட்: பீங்கானின் மேல் நிக்ரோம் கம்பி சுற்றியது. வெள்ளை செங்கல்போல இருக்கும் சிமெண்ட் ரெசிஸ்டர் இதே குடும்பம். முழு வாட்டில் ஓடும் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டரைத் தொட்டால் விரல் வெந்துவிடும். பலகையோடு ஒட்ட வைக்காமல் கால்களைச் சற்றுத் தூக்கி வைத்துச் சால்டர் செய்வது அதனால்தான். மின்விசிறிக்கான பழைய பெரிய சதுர ரெகுலேட்டருக்குள் இருந்ததும் கம்பி சுற்றிய ரெசிஸ்டர்தான். விசிறியை மெதுவாக ஓட்டும்போது அந்தப் பெட்டி சுடும்.

வயர்வவுண்டின் குறை அதன் பெயரிலேயே இருக்கிறது: சுற்றிய கம்பி என்றால் அது ஒரு காயில்; மின்னோட்டம் வேகமாக மாறுவதை எதிர்க்கும் இண்டக்டன்ஸ் அதற்கு உண்டு. ஸ்விட்சிங் பவர் சப்ளையில் மின்னோட்டத்தை அளக்க 0.1 ஓம் வயர்வவுண்ட் போட்டு, அதில் 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் இருப்பதாகக் கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அது கண்டுகொள்ள வேண்டாத அளவு. 100 கிலோஹெர்ட்ஸில் 0.63 ஓம் எதிர்ப்பு. அசல் மதிப்பைவிட ஆறு மடங்கு. அளவீடு வெறும் குப்பை. இரண்டு கம்பிகளை எதிரெதிர்த் திசையில் சுற்றி இண்டக்டன்ஸைக் குறைத்த வகைகளும் உண்டு. ஆனால் இந்த இடத்துக்கு உலோகப் பட்டையால் செய்த, மின்னோட்டம் அளப்பதற்கென்றே உள்ள ஷண்ட் ரெசிஸ்டர்தான் பொருத்தம்.

வாட் சரி, வோல்ட்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கால் வாட் ஃபிலிம் ரெசிஸ்டருக்குப் பொதுவாக 250 வோல்ட் உச்ச வரம்பு. 1 மெகா ஓமுக்கு வாட் கணக்குப் போட்டால் 500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்றுதான் விடை வரும். ஆனால் வோல்ட் வரம்பு முந்திக்கொள்கிறது. கால் வாட்டில் 250 கேக்கு மேல் போனால் தடுப்பது வாட் இல்லை, வோல்ட்.

மின்தேக்கியைக் கொண்டு 230 வோல்ட்டைக் குறைக்கும் மலிவான எல்இடி விளக்குகளில் இது நேராக வந்து நிற்கும். மின்தேக்கியில் மிஞ்சும் சார்ஜை வடிக்க அதன் குறுக்கே ஒரு பெரிய ரெசிஸ்டர் இருக்கும். 1 மெகா ஓம் என்றால் வீணாவது 53 மில்லிவாட். கால் வாட்டுக்கு அது தூசு. ஆனால் 230 என்பது பெயரளவு, அலையின் உச்சம் 325. நள்ளிரவில் 250ஐத் தொடும் தெருக்களும் உண்டு. பலகையின் மேலேயே சால்டர் செய்யும், காலில்லாத எஸ்எம்டி ரெசிஸ்டர்களில் நிலைமை இன்னும் இறுக்கம்: 1206 என்ற அளவுக்குச் சாதாரணமாக 200 வோல்ட், 0805க்கு 150. அதனால்தான் ஒழுங்காகச் செய்த விளக்குப் பலகையில் 474 என்று எழுதிய இரண்டு, அதாவது 470 கே இரண்டு, வரிசையாக நிற்கும். ஒன்றே போதுமே என்று ஒன்றை நீக்கியவர், மிஞ்சிய ரெசிஸ்டர் ஒரு நாள் உள்ளே அறுந்துபோனபின் கழற்றிய விளக்கின் முனையைத் தொட்டு அதிர்ச்சி வாங்குவார்.

மற்றபடி எஸ்எம்டிக்கும் காலுள்ள ரெசிஸ்டருக்கும் இடையில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. கையால் சால்டர் செய்பவருக்கு 0805 வரை சமாளிக்கலாம். அதற்குக் கீழே பொறுமையும் பூதக்கண்ணாடியும் வேண்டும்.

அதே விளக்கின் நுழைவாயிலில் 47 ஓம் அளவில் இன்னொரு ரெசிஸ்டர் நிற்கும். அலையின் உச்சத்தில் சுவிட்சைப் போட்டால், அந்தக் கணம் அதன் மேல் 325 வோல்ட்டும் விழும்: கிட்டத்தட்ட 7 ஆம்பியர், 2,200 வாட்டுக்கு மேல். 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கி என்றால் இருபது மைக்ரோநொடி வாக்கில் அடங்கத் தொடங்கிவிடும். ஆனாலும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் அடி. சாதாரண கால் வாட் ஃபிலிம் இங்கே நாளைக் கடத்தும், நிலைக்காது. இந்த இடத்துக்கென்றே ஃப்யூசிபிள் ரெசிஸ்டர் இருக்கிறது: அடியைத் தாங்கும், ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் அறுந்துபோகும். அது கருகியிருந்தால் அதே மதிப்புள்ள சாதாரண ரெசிஸ்டரைப் போட்டுவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. அடுத்த ஷார்ட்டில் அது அறுபடாமல் தணலாகி, பிளாஸ்டிக் கூட்டைப் பற்றவைக்கலாம். புதிதாக ஃப்யூசிபிளே போட்டாலும், அதற்குப் பின்னால் இருக்கும் டயோடுகளையும் மின்தேக்கியையும் முதலில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும்.