அணிக்கோவையா, அணித்தரமா?

மூன்று மாறிகள், மூன்று நேரியச் சமன்பாடுகள். தீர்வு ஒன்றா, எண்ணற்றவையா, இல்லவே இல்லையா? இதைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு வழிகள் படிக்கிறோம். ஒன்று, கணிதவியலாளர் கிராமர் 1750-இல் வெளியிட்ட விதிப்படி அணிக்கோவை (சதுரமாக அடுக்கிய எண்களிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்) போடுவது. மற்றொன்று, சமன்பாடுகளின் எண்களை நிரைகளாக (கிடை வரிசைகளாக) எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, கீழே போகப் போக முன்னால் பூஜ்ஜியங்கள் கூடும் ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து தரம் (முழுதும் பூஜ்ஜியமாகாமல் மிஞ்சும் நிரைகளின் எண்ணிக்கை) பார்ப்பது. நான் இரண்டாவதன் பக்கம்.

கெழுக்களின் (மாறிகளைப் பெருக்கும் எண்களின்) அணிக்கோவை பூஜ்ஜியம் இல்லையென்றால் தீர்வு ஒன்றே ஒன்று. அதுவரை அணிக்கோவைதான் வேகம். பூஜ்ஜியம் வந்துவிட்டால்தான் சிக்கல். வலப்பக்க மாறிலிகளை ஒவ்வொரு நிரலிலும் (செங்குத்து வரிசையிலும்) மாற்றிவைத்து இன்னும் மூன்று அணிக்கோவைகள் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று பூஜ்ஜியம் இல்லாவிட்டாலும் தீர்வு கிடையாது, சரி. எல்லாமே பூஜ்ஜியம் என்றால்? "எண்ணற்ற தீர்வுகள்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

மூன்று மாறிகளின் கூட்டுத்தொகை 1 என்கிறது முதல் சமன்பாடு. 2 என்கிறது அடுத்தது. 3 என்கிறது கடைசி. நான்கு அணிக்கோவைகளும் பூஜ்ஜியம்தான். ஆனால் ஒரே கூட்டுத்தொகை எப்படி 1 ஆகவும் 2 ஆகவும் இருக்கும்? தளங்கள் இணையாக நிற்கின்றன, தீர்வே இல்லை. கெழு அணியின் தரம் 1 ஆக இருக்கும்போது மட்டும் வரும் பள்ளம் இது. அதனால் கெழு அணிக்குள் ஏதாவது ஒரு 2×2 சிற்றணிக்கோவை (இரண்டு நிரை, இரண்டு நிரல் மட்டும் எடுத்த அணிக்கோவை) பூஜ்ஜியமில்லை என்று பார்த்த பிறகே "எண்ணற்றவை" என்று எழுதலாம்.

தரம் பார்ப்பவருக்கு இந்தப் பயம் இல்லை. இதே கணக்கில் இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையைக் கழித்தால் (0, 0, 0 | 1) வருகிறது; கோட்டுக்கு இடப்பக்கம் கெழுக்கள், வலப்பக்கம் மாறிலி. பூஜ்ஜியம் சமம் 1! அங்கேயே முடிந்தது. இன்னொன்று பாருங்கள்: (1, 1, 1 | 6), (1, 2, 3 | 10), (1, 2, 3 | 10). கழித்தால் கடைசி நிரை முழுதும் பூஜ்ஜியம். கெழு அணியின் தரமும், மாறிலிகளையும் சேர்த்து விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரமும் 2; மாறிகள் 3. தரங்கள் சமம், ஆனால் மாறிகளைவிடக் குறைவு, ஆக எண்ணற்ற தீர்வுகள். அந்தக் கடைசி 10-ஐ 12 ஆக்கினால் விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரம் மட்டும் 3 ஆகிறது, தீர்வு போய்விடுகிறது. கடைசிக் கெழு 3-ஐ 5 ஆக்கினால் இரண்டு தரங்களும் 3, ஒரே தீர்வு. மூன்று பதில்களையும் ஒரே நிரை சொல்லிவிடுகிறது. அப்புறம், சமன்பாடுகள் நான்கு, மாறிகள் மூன்று என்றால் கெழு அணி சதுரமே இல்லை. அணிக்கோவைக்கு வழியில்லை, தரத்துக்குத் தடையில்லை.

வலப்பக்கம் எல்லாம் பூஜ்ஜியமாக உள்ள சமபடித்தான தொகுப்பில் மட்டும் நானும் அணிக்கோவைக்கே போவேன். அங்கே பூஜ்ஜியத் தீர்வு எப்போதும் உண்டு. அணிக்கோவை பூஜ்ஜியமானால் எண்ணற்றவை, இல்லையென்றால் அது ஒன்றுதான்.