மோட்டார் காயிலும் என் மஞ்சள் மீட்டரும்: 7 வருட அனுபவம்

வீட்டுத் தொட்டிக்கு 1 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது), தோட்டத்துக் கிணற்றில் 5 எச்.பி. த்ரீ பேஸ். இரண்டுக்கும் 7 வருடமாக ஒரே மல்டிமீட்டர்தான், தெருக்கடை எலக்ட்ரிகல்ஸில் வாங்கிய மஞ்சள் ரகம். அது காயில், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, போச்சென்று காட்டினால் நம்பிக் கழற்றுவேன். நல்லாயிருக்கு என்று காட்டினால்தான் சந்தேகம் வரும்.

மோனோபிளாக்கில் மெயினை அணைத்து, கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு மீட்டரை 200 ஓம்ஸில் (கம்பியின் மின்தடையை அளக்கும் ரேஞ்ச்) வைப்பேன். புரோப் முனைகளை ஒட்டினாலே 0.4 வரும், அதைக் கழிக்க வேண்டும். உள்ளே ரன்னிங், ஸ்டார்டிங் என்று இரண்டு காயில், இரண்டும் சேரும் முனை காமன். புதிதில் காமன்–ரன்னிங் 4.1, காமன்–ஸ்டார்டிங் 9.6, ரன்னிங்–ஸ்டார்டிங் 13.7. முதல் இரண்டின் கூட்டுத்தொகைதான் மூன்றாவது. இந்த மூன்றையும் டெர்மினல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்தேன். இத்தனை வருடத்தில் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

மூன்றாம் வருடம் மோட்டார் உறுமியது, தொட முடியாத சூடு. ஆறவிட்டு அளந்தேன், சூட்டோடு அளந்தால் செம்புக் கம்பி அரை ஓம்ஸுக்கு மேலேயே கூட்டிக் காட்டிவிடும். ரன்னிங் 3.5. மூடியில் 4.1 இல்லாவிட்டால் அதை நல்ல காயில் என்றே விட்டிருப்பேன். பிரித்தால் சுற்றுகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, ஓம்ஸ் குறைந்தது அதனால்தான். ரீவைண்டிங்.

அப்புறம் ஒருநாள் பாடியைத் தொட்டால் ஷாக். காயிலுக்கும் பாடிக்கும் 2000கே (கிலோ ஓம்ஸ்) ரேஞ்சில் வைத்தேன். முதலில் 800 பக்கம் ஆடியது. பிடித்துவிட்டேன் என்று துள்ளினால், இரண்டு முனையையும் வியர்த்த விரலால் அழுத்திக்கொண்டிருக்கிறேன்! அளந்தது என் உடம்பை. கையை எடுத்ததும் வெறும் 1, ரேஞ்சுக்கு மேலே என்று அர்த்தம், அதாவது லீக்கே இல்லையாம். எலக்ட்ரீசியன் அண்ணன் 500 வோல்ட் மெக்கரை (கைப்பிடியைச் சுற்றி அதிக வோல்ட் கொடுத்து லீக் பார்க்கும் மீட்டர்) மாட்டிச் சுற்றினார்; முள் நேராகப் பூஜ்யத்தில் விழுந்தது. "உன் மீட்டர் குடுக்குற ரெண்டு மூணு வோல்ட்டுக்கு அந்த வெடிப்பு எங்க தெரியும் தம்பி?" என்றார். கம்பி மேல் பூசிய வார்னிஷின் விரிசலைத் தாண்ட என் மீட்டருக்குத் தெம்பு கிடையாது.

கிணற்று மோட்டாரில் கதை சின்னது. ஸ்டார்டரில் ஒயரைக் கழற்றி மூன்று ஜோடியும் சமமா என்று பார்த்தால் போதும். போன ஆடியில் ஒரு ஜோடி மட்டும் ஓம்ஸ் காட்டியது, மற்ற இரண்டும் வெறும் 1, அதாவது இணைப்பே இல்லை. காயில் என்று நினைத்து மேலே தூக்கினோம். அறுந்திருந்தது கேபிள் ஜாயின்ட்.

மெக்கர் இன்னும் அண்ணனிடம் இரவல்தான்.