கான்ட்ராக்ட் வேலையில் வீட்டுக் கடன்: வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸா?

கான்ட்ராக்டில் இருந்தாலும் ஏதோ ஒரு கம்பெனியின் பேரோலில் பிஎஃப் பிடித்தமும் ஃபார்ம் 16-ம் (சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று) வருகிறதென்றால் அதிகம் கவலை வேண்டாம். வங்கி உங்களைச் சம்பளக்காரராகத்தான் பார்க்கும். இன்வாய்ஸ் போட்டு, டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) போக மீதியை வாங்கும் கன்சல்டன்ட்டுகளுக்குத்தான் சிக்கல். இது அவர்களுக்காக எழுதுவது.

மாதம் 1.5 லட்சம், வருடம் 18 லட்சம் வருகிறது என்று வையுங்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் (செலவுக் கணக்கை விவரிக்காமல், வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் வழி) வரவில் பாதியை லாபமாகக் காட்டி ரிட்டர்ன் போட்டிருப்பீர்கள். பொதுத்துறை வங்கி மேனேஜர் இன்வாய்ஸைப் புரட்ட மாட்டார். ஐடிஆரில் (வருமான வரி ரிட்டர்னில்) உள்ள 9 லட்சத்தைத்தான் எடுப்பார். மாதத்துக்கு 75,000. அதில் பாதி தவணைக்கு என்றால் 37,500. 8.5% வட்டி, 20 வருடம் என்று போட்டால் 43 லட்சம் கிடைக்கும். அதே 1.5 லட்சத்தைச் சம்பளமாக வாங்கும் நண்பருக்கு 86 லட்சம் வரை வாய்ப்பு உண்டு. வரியில் மிச்சம் பிடித்தது கடனில் அடிபடுகிறது.

50% என்பது குறைந்தபட்சம்தான் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உண்மையில் செலவு 30%தான் என்றால் 70% லாபம் காட்டுவதுதான் முறை. வரி கூடும், ஆனால் மேலே சொன்ன கணக்கில் தகுதி 60 லட்சத்தைத் தொடும். வங்கிகள் பொதுவாக 2, 3 வருட ஐடிஆர் கேட்பதால், வீடு தேடத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கொஞ்சம் வளைந்து கொடுப்பார்கள். சென்னையின் ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ் மாதிரியானவை சுயதொழில்காரர்களுக்கும் நிறையவே கடன் தருகின்றன. ஐடிஆர் குறைவாக இருந்தாலும் வங்கிக் கணக்கில் வரும் பணம், ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் உண்டு. இதற்கு விலை வட்டியில் தெரியும். 40 லட்சத்துக்கு 8.5% என்றால் தவணை சுமார் 34,700; 10% என்றால் 38,600. 20 வருடத்தில் வித்தியாசம் 9 லட்சத்தைத் தாண்டும். இன்னொன்று: 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்கும்) வீட்டுக் கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. ரிசர்வ் வங்கி குறைத்தால் 3 மாதத்துக்குள் உங்களுக்கும் குறையும். ஹவுசிங் ஃபைனான்ஸில் அவர்கள் தாங்களே வைத்துக்கொள்ளும் விகிதம்தான், இறங்குவது மெதுவாகவே நடக்கும்.

என் கருத்து இதுதான். 2 வருட ஐடிஆர் ஒழுங்காக இருந்தால், எத்தனை நடை நடக்கவிட்டாலும் பொதுத்துறை வங்கியை விடாதீர்கள். சம்பளத்தில் இருக்கும் மனைவியோ கணவனோ கூட்டு விண்ணப்பதாரரானால் வேலை இன்னும் சுலபம். கான்ட்ராக்டுக்கு மாறி ஒரு வருடம்தான் ஆகிறது, வீடும் கைநழுவும் என்றால் ஹவுசிங் ஃபைனான்ஸ் சரி. ஆனால் ஃப்ளோட்டிங் வட்டியில் மட்டும் வாங்குங்கள். தனிநபர் வீட்டுக் கடனில் அதற்கு முன்கூட்டி அடைக்கும் அபராதம் கிடையாது. ஐடிஆர் சேர்ந்ததும் வங்கிக்கு மாற்றிவிடலாம். பிராசஸிங் கட்டணமும் புதிதாக எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைக்கும் ஆவணம்) பதியும் செலவும் மட்டும் மறுபடி வரும்.

எங்கே போனாலும் கைப்பணம் வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80% தான் உச்சவரம்பு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% தனி. சாங்ஷன் லெட்டர் (கடன் ஒப்புதல் கடிதம்) கைக்கு வராமல் விற்பவரிடம் பெரிய அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடாதீர்கள். கன்சல்டன்ட்டின் ஃபைல் சம்பளக்காரர் ஃபைலைவிட அதிக நாள் மேஜையில் கிடக்கும்.