கச்சத்தீவு என்று தேடினால் கச்சத்தீவு வராது

"கச்சத்தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தம் பற்றி மக்களவையில் என்ன பேசினார்கள் என்று தேடினேன். பூஜ்யம் காட்டுகிறது. அன்றைக்கு ஒருவர்கூட வாய் திறக்கவில்லையா?" நண்பர் ஒருவர் கேட்டது. திறந்தார்கள். 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அறிக்கை படித்தார், திமுக உறுப்பினர் இரா. செழியன் உள்ளிட்டோரின் எதிர்ப்பு அச்சில் ஏறியிருக்கிறது. தேடல் பெட்டிக்குத்தான் அது தெரியாது.

பல வருடமாக இந்திய நாடாளுமன்ற விவாதத் தொகுப்புகளை ஸ்கேன் பிரதிகளில் தேடிவருகிறேன். இத்தனை வருடத்தில் ஆறாத எரிச்சல் இந்தப் பூஜ்யம்தான். "இந்த எழுத்துக்கூட்டலில் சிக்கவில்லை" என்பதற்கும் "அப்படி யாரும் பேசவில்லை" என்பதற்கும் திரையில் ஒரே பதில். அதை நம்பி "நாடாளுமன்றத்தில் யாரும் கேட்கவே இல்லை" என்று கட்டுரை எழுதிவிடுகிறார்கள். பேசியவருக்குச் செய்யும் அநியாயம் இது.

கச்சத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகத்தில் தீவின் பெயர் டி-ஐ-வி-யு என்று முடிகிறது. இன்றைய செய்தித்தாளில் டி-எச்-இ-இ-வி-யு. நடுவில் வரும் 'ச்ச' சில இடங்களில் சி-எச் இரண்டு முறை, சில இடங்களில் டி-சி-எச். நீங்கள் எதைத் தட்டினாலும் மற்றவை நழுவும். ஊர்ப்பெயர், ஆள்பெயர் தேடும்போது அந்தப் பெயரையே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் கட்டாயம் வரக்கூடிய, எழுத்துக்கூட்டல் மாறாத ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள். இங்கே 'மீனவர்', 'ஸ்ரீலங்கா' இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்கள் போதும். 1972 மே 22-க்கு முந்தைய பேச்சு என்றால் 'சிலோன்'.

ஆள்பெயரிலும் இதே கதை. அரசியல் சட்டத்தை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் கோபாலசாமி அய்யங்கார், அனந்தசயனம் அய்யங்கார் என்று இருவர். அச்சில் ஏ-ஒய்-ஒய் என்று தொடங்கும். இன்றைய வழக்கப்படி ஐ-ஒய்-இ என்று தட்டினால் இருவரும் காணாமல் போவார்கள். சரியாகத் தட்டினாலும் இருவரும் கலந்து வருவார்கள். பெயரின் இனிஷியலைச் சேர்த்துப் போட்டால்தான் பிரியும்.

பெயர் மாறிய தேதிகளைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. மாநிலங்களவைக்கு 'ராஜ்ய சபா' என்ற பெயர் 1954 ஆகஸ்ட் 23-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தொகுதிகளின் தலைப்பு 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸ்'. 1969 ஜனவரி 14-க்கு முன் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்களில் இன்னும் ஆழமான குழி ஒன்று உண்டு. அங்கே பேசியவர்கள் அரசியல் சட்ட வரைவின் பிரிவு எண்களைச் சொன்னார்கள். இன்றைய 32-வது பிரிவு, அதாவது அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் போகும் உரிமை, வரைவில் 25. அதை அரசியல் சட்டத்தின் ஆன்மா என்று அம்பேத்கர் சொன்னது 1948 டிசம்பர் 9-ல். '32' என்று தேடினால் கிடைப்பது வரைவின் 32. அது வேலைக்கும் கல்விக்குமான உரிமையைப் பற்றியது, இன்றைய 41. அதே போல 17-க்கு வரைவு எண் 11, 21-க்கு 15, 44-க்கு 35. ஒப்பீட்டு அட்டவணை இல்லாமல் இந்த 12 தொகுதிகளைத் திறக்கவே கூடாது.

எழுத்துக்கூட்டல் சரியாக இருந்தும் சிக்காமல் போவது ஸ்கேனின் வேலை. பழைய தொகுதிகளில் செய்தித்தாள் மாதிரி ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி. ஸ்கேன் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணர் மென்பொருள் இடப் பத்தியின் வரியையும் வலப் பத்தியின் வரியையும் ஒட்டிப் படித்துவிட்டால் மேற்கோள் குறிக்குள் போடும் தொடர்த் தேடல் அத்தோடு போச்சு. வரி முடிவில் இரண்டாக உடைந்த சொல்லும் சிக்காது. ஆர்-என் இரண்டும் நெருக்கமாக அச்சாகியிருந்தால் எம் ஆகிவிடும். 'கவர்ன்மென்ட்' என்ற சொல்லே இப்படிப் பல பக்கங்களில் உருமாறிக் கிடக்கிறது. அதனால் நீண்ட தொடர் வேண்டாம். இரண்டு குட்டைச் சொற்கள், ஆர்-என் இல்லாதவை, தேதி வரம்போடு.

இந்தியில் பேசியது மூலப் பதிப்பில் தேவநாகரியில் இருக்கும். ஆங்கிலத்துக்குப் பழகிய எழுத்துணர் அதைக் குப்பையாக்கிவிடும். அமைச்சர் இந்தியில் பதில் சொல்லியிருந்தால், கேள்வி மட்டும் சிக்கும், பதில் சிக்காது. "அமைச்சர் பதிலே சொல்லவில்லை" என்று தோன்றும். அதே நாளின் ஆங்கிலப் பதிப்பு கிடைத்தால் அதைத் திறந்து பாருங்கள்.

ஆகவே சொல்லைத் தேடி நேரத்தை வீணாக்காமல் தேதியைத் தேடுங்கள். பழைய நாளிதழ், சட்டத்தின் அறிமுக நாள், வேறொரு நூலின் அடிக்குறிப்பு, எங்கிருந்தாவது தேதி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னொரு எச்சரிக்கை: அடிக்குறிப்பில் இருக்கும் எண் பெரும்பாலும் பக்க எண்ணாக இருக்காது, பத்தி எண்ணாக இருக்கும். பக்கத்துக்கு இரண்டு பத்தி என்றேனே, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அன்றைய கோப்பு 1981-வது பத்தியில் தொடங்குகிறது, உங்களுக்கு வேண்டியது 2045 என்றால், வித்தியாசம் 64, பாதி 32. விவாதம் தொடங்கும் பக்கத்திலிருந்து 32 பக்கம் தள்ளினால் சரியாக அங்கே நிற்பீர்கள். பக்கத் தலைப்பில் 'வைசாக 13, 1884' என்று கண்டால் திகைக்க வேண்டாம், அது இந்திய அரசின் தேசிய நாட்காட்டியான சக ஆண்டு; 1962 மே 3 என்று பொருள். இந்தத் தலைப்பு வரியும் எழுத்துணரில் பேச்சின் நடுவே புகுந்து தொடரை அறுக்கும்.

கேள்வி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வியானாலும் எழுத்தில் பதில் தரும் நட்சத்திரமில்லாக் கேள்வியானாலும் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் எண் 1-லிருந்து தொடங்கும். எத்தனையாவது மக்களவை, எந்தக் கூட்டத்தொடர் என்பதும் வேண்டும்.

எதிர்பாராத சந்தோஷம் பொருளடக்கப் பக்கம். பிழைபட்ட எழுத்துணர் எதுவும் வேண்டாம். கண்ணால் படித்தால் இரண்டு நிமிடம். ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதியை அரசு மசோதாக்களில் தேடிக் களைத்துப் போகிறவர்கள் பலர். அது 1959 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் தனி உறுப்பினர் அலுவல், அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவருவது. ஆங்கிலத்தை அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் சொல்லி ஃபிராங்க் ஆந்தனி கொண்டுவந்த தீர்மானத்தின் மேல் பேசும்போதுதான் நேரு அதைச் சொன்னார். அந்தக் காலத்து அச்சுக்காரர்கள் ஒவ்வொரு தலைப்பையும் பத்தி எண்ணோடு எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது மரியாதை கூடுகிறது. அவை விதி 380-ன்படி நீக்கிய சொற்களின் இடத்தில்கூட நட்சத்திரக் குறி வைத்து, அவைத் தலைவர் உத்தரவால் நீக்கம் என்று அடியில் சொல்லியிருப்பார்கள். நீக்கியதையும் மறைக்காத பதிவு இது.

இவ்வளவு மெச்சியும் எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. நம் உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடிக்குறிப்பில் "தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு". அவ்வளவுதான். அவர் சொன்ன பழமொழி என்ன, எந்தச் சொல்லால் அமைச்சரைக் குத்தினார், அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ் எழுத்து கிடையாது. எந்த எழுத்துக்கூட்டலில் தட்டினாலும் வராது, ஏனென்றால் அச்சிலேயே ஏறவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இந்தப் பதிவுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் போட எனக்குக் கை வரவில்லை.

நண்பருக்கு: 1974 ஜூலை 23, மக்களவை. பொருளடக்கத்தில் கேள்வி நேரத்தையும் அவையில் வைத்த தாள்களையும் தாண்டி, அமைச்சர் அறிக்கை என்ற தலைப்பைப் பாருங்கள். பத்தி எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே அங்கே போங்கள். தேடல் பெட்டியைத் தொட வேண்டாம்.